முதலில் வாங்குவது பெடலா, பிராசசரா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தை ஒட்டி இருக்கிறது வடகரப்பதி ஊராட்சி. நிர்வாகம் கேரளத்துடையது, வீட்டிலும் கடைத்தெருவிலும் புழங்குவது பெரும்பாலும் தமிழ். இங்கே ஒரு பையனோ பெண்ணோ எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் வாசிக்கக் கிடைக்கும் மேடைகள் தெரிந்தவைதான்: தேவாலயப் பாடற்குழு, மாரியம்மன் நோம்பியில் வைக்கும் மெல்லிசைக் கச்சேரி, ஓணத்துக்கு நடக்கும் கானமேளா. இந்த மேடைகளில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப் இருப்பது அபூர்வம். மைக் செட்காரர் நீட்டும் ஒயரில் கிட்டாரைச் செருக வேண்டியதுதான். அது நேரே மிக்ஸருக்குப் போய், பாடகரின் குரல் வரும் அதே ஸ்பீக்கர் பெட்டியில் வெளியே வரும்.

கிட்டார் கைக்குப் பழகிய சில மாதங்களில் அடுத்த கேள்வி வந்துவிடும். சினிமாப் பாட்டில் கேட்கும் அந்தக் கரகர ஒலிக்கும், எதிரொலிக்கும், அலையாடும் ஒலிக்கும் என்ன வாங்குவது? ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாகத் தனித்தனிப் பெடல்களா, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய மல்டி எஃபெக்ட்ஸா? வாத்தியக்காரர்கள் பிராசசர் என்று சொல்வது இந்தப் பெட்டியைத்தான். “பெடல்தான் அசல், பிராசசர் பொம்மை” என்பார் ஒருவர். “ஒரே பெட்டியில் நூறு சவுண்டு இருக்கும்போது எதற்குத் தனித்தனியாக?” என்பார் இன்னொருவர். இருவருமே கிட்டார் கேபிளின் ஒரு முனையை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். மறுமுனை எதில் போய்ச் செருகப்படுகிறது என்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

வெட்டுப்படும் அலை

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட அதே விதி. பிறக்கும் அழுத்தமோ சிறியது. மெதுவாகத் தட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பலமாக அடித்தால் ஏறக்குறைய ஒரு வோல்ட்டை எட்டலாம்.

இந்தச் சின்ன அலையை எடுத்து மாற்றித் தருவதுதான் எஃபெக்ட்ஸ். சில பெடல்கள் அலையின் உருவத்தையே மாற்றும்: ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ். சில அலையைத் தாமதப்படுத்தி மறுபடி கலக்கும்: டிலே, ரிவர்ப், கோரஸ். சில அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும்: வா-வா, ஈக்வலைசர்.

டிஸ்டார்ஷன் பெடலைத் திறந்தால் உள்ளே அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு ஆப்-ஆம்ப் சில்லு அலையைப் பல மடங்கு பெருக்குகிறது. அழுத்தம் 0.6 வோல்ட்டைத் தொட்டதும் சிலிக்கான் டையோடுகள் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, அதற்கு மேல் உயர விடாமல் செய்கின்றன. அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. வெட்டுப்பட்ட அலையில், வாசித்த சுரத்தோடு வாசிக்காத அதிர்வெண்களும் சேர்ந்துகொள்கின்றன. கிட்டாரின் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். மேலும் கீழும் சமமாக வெட்டினால் அதன் ஒற்றைப்படை மடங்குகள் பலமாகும்: 330, 550, 770. ஒரு பக்கம் கூடுதலாக வெட்டினால் 220, 440 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் எழும். 1981-இல் வந்து இன்றும் விற்கும் பாஸ் எஸ்டி-1 பெடல் இந்த இரண்டாம் வகை.

இரண்டு தந்திகளை ஒன்றாக மீட்டும்போது கதை இன்னும் சுவாரசியமாகிறது. வெட்டும் சுற்றில் இரண்டு அதிர்வெண்கள் நுழைந்தால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக வெளியே வரும். சட்ஜமும் பஞ்சமமும் போல 110, 165 என்று வாசித்தால் வித்தியாசம் 55, கூட்டுத்தொகை 275. எல்லாமே 55-இன் மடங்குகள். ஒலி கட்டுக்கோப்பாக, அடியில் ஒரு கீழ் ஸ்தாயி சேர்ந்தாற்போல் கனமாகக் கேட்கும். பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தை, அதாவது 138.6 ஹெர்ட்ஸை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 28.6, கூட்டுத்தொகை 248.6. இவை எதனோடும் ஒட்டாமல் மோதிக் கலங்குகின்றன. ராக் இசையில் கரகர ஒலியோடு வாசிப்பவர்கள் முழு கார்டு பிடிக்காமல் பஞ்சமத்தை மட்டும் சேர்த்துப் ‘பவர் கார்டு’ பிடிப்பதன் காரணம் இந்தக் கணக்குதான். பெடலில் வாசித்தாலும் பிராசசரில் வாசித்தாலும் இது மாறாது. கெயினை முழுதாகத் திருப்பிவிட்டு “பாட்டின் கார்டு சரியாக விழவில்லையே” என்று குழம்பும் புதியவர், பழியைக் கருவியின் மேல் போட வேண்டியதில்லை.

பழுதில் பிறந்த ஒலி

இந்த ஒலி முதலில் கடைக்கு வந்ததே ஒரு பழுதால்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது மிக்ஸரின் ஒரு சேனல் கெட்டு, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கிழிந்த ஒலியாய்ப் பதிவானது. அதை அழிக்காமல் அப்படியே வைத்து 1961-இல் பாடலை வெளியிட்டார்கள். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அதே ஒலியைத் தரும் டிரான்சிஸ்டர் சுற்றொன்றை வடிவமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதைக் காலால் மிதித்து வாசித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977-இல் கையடக்கப் பெடல்களைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல் இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. 1983-இல் அதே அளவுப் பெட்டிக்குள் டிஜிட்டல் டிலே வந்தது. ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்து, கேட்ட நேரத்துக்குத் திருப்பித் தரும் வேலை காலடிக்கு வந்துவிட்டது. ஒரு எஃபெக்டை எண்களால் செய்ய முடியுமானால் பத்தையும் செய்யலாம். 1980-களின் பிற்பாதியில் எல்லாம் சேர்ந்த பெட்டிகள் தலைகாட்டின. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’ என்ற பெட்டி வந்தபோது, எஃபெக்ட்ஸோடு ஆம்ப்பையும் அதன் ஸ்பீக்கரையும்கூட எண்களால் போலச் செய்யலாம் என்பது சாதாரண வாத்தியக்காரர் கைக்கே எட்டியது.

எண்களின் பலமும் பலவீனமும்

பிராசசர் கிட்டார் அலையை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அரை விநாடி எதிரொலி வேண்டுமென்றால் 24,000 எண்களை வைத்திருந்து திருப்பித் தந்தால் போதும். டிலே, ரிவர்ப், கோரஸ் போன்றவற்றில் டிஜிட்டலுக்கு நிகர் கிடையாது. ரிவர்ப் பெடல் என்று தனியாக விற்பவற்றிலும் மிகப் பெரும்பாலானவை உள்ளே டிஜிட்டல்தான்.

டிஸ்டார்ஷனில் மட்டும் எண்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. விநாடிக்கு 48,000 முறை அளக்கும் கருவியால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் குறிக்க முடியாது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியை வெட்டினால் அதன் ஏழாவது மடங்கு 35,000. இடமில்லாத அந்த அதிர்வெண் மடங்கித் திரும்பி 13,000 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். அது மூல சுரத்தோடு எந்த உறவும் இல்லாத பேய்ச்சுரம். பழைய மலிவுப் பிராசசர்களின் டிஸ்டார்ஷன் காதைக் குத்தியதற்கு இது ஒரு காரணம். இன்றைய சில்லுகள் வெட்டும் வேலையை மட்டும் பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டு, வேண்டாததை வடிகட்டிவிட்டுத் திரும்பக் கொடுக்கின்றன. ‘பிராசசர் பொம்மை’ என்ற பழைய குற்றச்சாட்டில் பாதி அதோடு போயிற்று.

தாமதம் பற்றியும் புகார் உண்டு. எண்ணாக்கி, கணக்கிட்டு, மறுபடி மின்னலையாக மாற்ற நல்ல பிராசசருக்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். ஒரு மில்லி விநாடியில் ஒலி காற்றில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. மூன்று மில்லி விநாடித் தாமதம் என்பது ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மேடையில் இதைவிடத் தள்ளித்தான் நிற்கிறோம்.

மிக்ஸரில் செருகினால் என்ன ஆகும்?

இப்போது கேபிளின் மறுமுனைக்கு வருவோம். கிட்டார் ஆம்ப்பில் இருப்பது பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குல ஒற்றை ஸ்பீக்கர். அதில் உச்ச ஒலிக்கான ட்வீட்டர் கிடையாது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி சரசரவென்று விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் பெடலை வடிவமைப்பவர் இதை மனத்தில் வைத்தே வடிவமைக்கிறார். வெட்டுப்பட்ட அலையின் கூரான உச்ச மடங்குகளை ஸ்பீக்கர் விழுங்கிவிடும் என்பது கணக்கு.

மைக் செட்டின் ஸ்பீக்கர் பெட்டி அப்படிப்பட்டதன்று. குரலின் சகாரமும் சலங்கையும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால் அதில் ஹார்ன் இருக்கும். 15,000 ஹெர்ட்ஸ் வரை அது ஒளிவுமறைவின்றி ஒலிக்கும். டிஸ்டார்ஷன் பெடலை நேரே மிக்ஸரில் செருகினால், கிட்டார் ஆம்ப் மறைத்திருக்கும் அத்தனை கூரும் வெளியே வந்து, தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் இரையும். “அண்ணா, ட்ரெபிளைக் கொஞ்சம் குறைங்க” என்று மேடையிலிருந்து கை காட்டுவது இதனால்தான். ட்ரெபிளைக் குறைத்தால் ஒலி மங்குமே தவிரச் சரியாகாது. கிட்டார் ஸ்பீக்கரின் மேடு பள்ளங்கள் ஒரு குமிழில் அடங்குபவை அல்ல.

பிராசசருக்குள் இருக்கும் ‘கேபினெட் சிமுலேஷன்’ செய்வது இந்த வேலையைத்தான். ஒரு கிட்டார் ஸ்பீக்கர், அதன் முன்னால் வைத்த மைக் இரண்டும் ஒலியை எப்படி மாற்றும் என்பதை அளந்து வைத்துக்கொண்டு, வாசிக்கும் அலையின் மேல் அதே மாற்றத்தைச் செலுத்துகிறது. மிக்ஸருக்குப் போகும்போது ஏற்கெனவே ஒரு கிட்டார் ஆம்ப்பின் முன் மைக் வைத்துப் பிடித்த ஒலியாகவே போகிறது. ஆம்ப் இல்லாத ஊரில் இது ஒன்றே பிராசசரை வாங்கப் போதுமான காரணம். பிற்பாடு உண்மையான கிட்டார் ஆம்ப்பில் செருக நேர்ந்தால், இதை மறக்காமல் அணைத்துவிட வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஒலி கம்பளிக்குள் போய்விடும்.

கிட்டாரை வெறுமனே மிக்ஸரில் செருகுவதிலும் ஒரு நட்டம் உண்டு. பிக்கப்புக்கு எதிரே ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் மின்மறுப்பு இருந்தால்தான் அதன் உச்ச ஒலி முழுதாக வரும். மிக்ஸரின் லைன் நுழைவாயில் பெரும்பாலும் பத்து, இருபதாயிரம் ஓம்தான். பிக்கப் திணறி ஒலி சோர்ந்துபோகும். நீளமான கேபிளின் மின்தேக்கம் இதை இன்னும் மோசமாக்கும். பிராசசரோ, பஃபர் (பிக்கப்பைத் திணறவிடாத இடைச்சுற்று) உள்ள ஒரு பெடலோ நடுவில் இருந்தால் இந்தச் சோர்வு தீரும். மேடையிலிருந்து மிக்ஸர் தூரமாக இருந்தால் நடுவில் ஒரு டிஐ பெட்டி வைக்கச் சொல்லுங்கள். நீண்ட ஒயரில் ஏறும் இரைச்சல் குறையும்.

விலைப்பட்டியலில் வராத செலவு

பெயர்பெற்ற பெடல்கள் இரண்டின் விலையில் தொடக்கநிலைப் பிராசசர் ஒன்று வந்துவிடும். பெடல் வழியில் போனால் செலவு பெடலோடு நிற்பதில்லை. ஒன்றோடொன்று இணைக்கக் குட்டிக் கேபிள்கள், அடுக்கிவைக்க ஒரு பலகை, எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரம். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்சாரம் கேட்கும். ஜாக்கின் நடுமுனை எதிர்மின்முனையாக இருக்க வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் ரௌட்டர் அடாப்டரில் பெரும்பாலும் இது தலைகீழ். செருகிப் பார்த்துப் பெடலைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஓவர்டிரைவ் பெடலுக்குப் பத்து மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலேவுக்கு ஐம்பது, நூறு வேண்டும். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து எல்லாவற்றுக்கும் கொடுத்தால், டிஜிட்டல் பெடலின் கீச்சொலி கெயின் கூட்டிய டிஸ்டார்ஷனில் ஏறிக்கொள்ளும். கூடவே மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ஹம், அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை ஒரு பெடலின் விலைக்குக் குறையாது.

பிராசசரில் ஒரு அடாப்டர், ஒரு கேபிள் உள்ளே, ஒரு கேபிள் வெளியே. ட்யூனரும் தாளப் பெட்டியும் ஹெட்போன் துளையும் பெரும்பாலும் கூடவே வரும். இடுக்கியின் மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு ஹெட்போன் துளையின் அருமை தெரியும். இரவில் யார் தூக்கத்தையும் கெடுக்காமல் சாதகம் செய்யலாம்.

பெடல் எங்கே ஜெயிக்கிறது?

இவ்வளவு சொன்ன பிறகும் பெடலை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, காது தேறும். ஓவர்டிரைவ் பெடலில் மூன்றே குமிழ்கள்: கெயின், டோன், லெவல். திருப்பினால் உடனே கேட்கும். பிராசசரில் கம்பெனி போட்டுக்கொடுத்த நூறு சவுண்டுகளைப் புரட்டிப் புரட்டி மாலை முழுதும் போய்விடும். எது எதனால் அப்படிக் கேட்கிறது என்பது மட்டும் தெரியாது.

இரண்டாவது, விரலுக்குப் பணிவது. நல்ல ஃபஸ் பெடலில் கிட்டாரின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு விலகி ஒலி துலங்கிவிடும். பிக்கப்பும் முதல் டிரான்சிஸ்டரும் ஒரே சுற்றாகச் சேர்ந்து வேலை செய்வதால் வரும் குணம் அது. பிராசசரின் நுழைவாயிலில் பஃபர் நிற்பதால் இந்த உறவு பெரும்பாலும் அறுந்துவிடுகிறது.

மூன்றாவது, ஆயுள். பெடல் கெட்டால் ஜாக், சுவிட்ச், டையோடு என்று சால்டரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் பார்த்துவிடலாம். பிராசசரின் சில்லு போனால் பெட்டியே போனமாதிரி. புதிய மாடல் வந்ததும் பிராசசரின் மறுவிற்பனை விலை விழும். டிஎஸ்-1 விலை அப்படி விழுவதில்லை. இந்தியாவிலேயே பெடல் செய்பவர்களும் இருக்கிறார்கள்: மும்பையில் ஆதித்யா நந்த்வானா தொடங்கிய அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் செய்யும் ஃபஸ், டிஸ்டார்ஷன் பெடல்களை வெளிநாட்டவரும் வாங்குகிறார்கள்.

பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் பெடலை மட்டும் பாலக்காட்டுக்காரர்கள் யோசித்து வாங்க வேண்டும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம், வெப்பம் 10 டிகிரி ஏற ஏற ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் இடத்தில், மதியம் சோதித்த ஒலி இரவுக் கச்சேரியில் இருக்காது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் உள்ளது வாங்கினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கமகத்துக்கு எது உதவும்?

செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் வளர்ந்த மண்ணில் கிட்டார் கற்பவர், என்றாவது ஒரு நாள் ராகத்தை வாசித்துப் பார்க்காமல் இருக்க மாட்டார். கிட்டாரில் கமகத்துக்குத் தடை, தந்தியின் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடுவது. டிஸ்டார்ஷன் இதற்கு மருந்து. அலையின் உச்சி ஏற்கெனவே வெட்டப்பட்டிருப்பதால் தந்தி தளர்ந்த பிறகும் வெளிவரும் ஒலி சிறிது நேரம் அதே அளவில் நிற்கிறது; இழுத்து அசைக்க அவகாசம் கிடைக்கிறது. கம்ப்ரஸர் இதையே கரகரப்பு இல்லாமல் செய்யும். எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா, ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006-இல் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ ஆல்பத்தைக் கொடுத்தார். கொச்சியின் மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜனின் கிட்டாரிலும் கமகமும் டிஸ்டார்ஷனும் சேர்ந்தே ஒலித்தன.

கோரஸ் நேர் எதிர். சுருதி சற்று விலகிய நகலைக் கலப்பதுதான் அதன் வேலை என்பதால் நுணுக்கமான அசைவுகள் கலங்கிப்போகும். டிலே வைத்தால் முந்தைய சுரம் அடுத்ததன்மேல் விழும். தாளத்தோடு கணக்குப் போட்டு வைத்தால் தப்பிக்கலாம். நிமிடத்துக்கு 80 அடி போகும் பாட்டில் ஓர் அடி 750 மில்லி விநாடி. அரை அடிக்கு 375. இத்தனையையும் சோதித்துப் பார்க்கத் தனித்தனியாக நான்கு பெடல் வாங்குவது வீண். பிராசசரில் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்துத் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆக, எது முதலில்?

வீட்டில் நல்ல கிட்டார் ஆம்ப் இருந்து, ஒரு வகை இசையை மட்டும் வாசிப்பவர் என்றால் ஓர் ஓவர்டிரைவ் பெடலில் தொடங்குங்கள்; வேறொன்றும் அவசரமில்லை. மைக் செட்டை நம்பி, இன்று தேவாலயத்திலும் நாளை கானமேளாவிலும் வாசிப்பவர் என்றால் கேபினெட் சிமுலேஷன் உள்ள சிறிய பிராசசரே முதலில். வாங்கியதும் கம்பெனி சவுண்டுகளை மறந்துவிட்டு வெற்று இடத்தில் தொடங்குங்கள். ஓர் ஆம்ப், ஒரு கேபினெட், கொஞ்சம் ரிவர்ப், அவ்வளவுதான். பிறகு வாரம் ஒன்றாகச் சேருங்கள். டிஸ்டார்ஷனை ரிவர்பின் முன்னும் பின்னும் மாற்றி வைத்து வித்தியாசம் கேளுங்கள். நீங்கள் செய்து வைத்திருக்கும் சவுண்டுகளின் ஒலி அளவைச் சமமாக்கிவிட்டு மேடை ஏறுங்கள். ஒரு வருடம் போனதும் எந்த எஃபெக்டை அணைக்கவே மனம் வரவில்லை என்று தெரியும். அதற்கு மட்டும் நல்ல பெடல் ஒன்று வாங்கிப் பிராசசரின் முன்னால் வையுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் பளபளப்பான ஆம்ப்பில் செருகிக் காட்டுவார். அதைக் கேட்டு மயங்காமல், மிக்ஸரிலும் சாதாரண ஸ்பீக்கரிலும் செருகித் தரச் சொல்லுங்கள். அங்கே நன்றாகக் கேட்பதை வாங்குங்கள்.